நோட்டுப்புத்தகமா, படிவமா, கூட்டாளியா, பொதுவெளியா: பயிற்சி வேலையில் இருப்பவர் எங்கே எழுதுவது?

"வகுப்பு முடிந்ததும் எழுதிப் பாருங்கள், வளர்வீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதில் எழுதுவது, எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை." கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட்டில் தையல் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். இன்னொருவர் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுப்பவர். மூன்றாமவர் எட்டு வருஷம் உற்பத்தி லைனில் வேலை பார்த்துவிட்டு, போன மாதம்தான் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர்.

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் 11 வருஷமாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். எடுத்த வகுப்பைத் திரும்பிப் பார்த்து எழுதும் இந்த மீள்பார்வை எழுத்துக்கு இங்கே நான்கு வழிகளைச் சொல்லப்போகிறேன்: தனி நோட்டு, படிவம், கூட்டாளி, பொதுவெளி. நான்கையும் நானே கொஞ்ச காலம் செய்து பார்த்திருக்கிறேன்.

## முதலில், எது மீள்பார்வை எழுத்து?

ஒரு உதாரணம் சொல்கிறேன். டார்க் ரெஞ்ச் பிடிப்பது பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். போல்ட்டை முறுக்கும்போது, வைத்த அளவு வந்ததும் 'க்ளிக்' என்று சத்தம் வரும். அங்கேயே நிறுத்த வேண்டும். மறுபடி ஒரு இழு இழுத்தால் போல்ட் தேவைக்கு மேல் இறுகி நீண்டுவிடலாம். அன்றைக்கு என் நோட்டில் இப்படி எழுதியிருந்தேன்:

"டார்க் ரெஞ்ச் வகுப்பு. 20 பேர். எல்லாரும் தலையாட்டினார்கள். டெஸ்டில் 18 பேர் பாஸ். நல்ல வகுப்பு."

இது வெறும் பதிவு. வகுப்பு ரிஜிஸ்டரே இதைச் சொல்லிவிடும். அடுத்த வாரம் லைனில் போய் நின்று பார்த்தேன். பாஸான பையன்களே க்ளிக் வந்த பிறகு இன்னொரு தடவை இழுத்தார்கள். ஒருவனிடம் டீ நேரத்தில் கேட்டேன். "போல்ட் லூஸா இருந்தா லீடர் திட்டுவாரு சார். டைட்டா இருந்ததுக்கு இதுவரைக்கும் யாரும் திட்டினதில்ல" என்றான். அன்று மாலை எழுதியது இது:

"நான் கற்றுக்கொடுத்தது கைக்கு. பயம் இருப்பது வேறிடத்தில். இரண்டாவது இழுப்பு தெரியாமல் செய்வதில்லை, திட்டு வாங்காமல் இருக்கச் செய்வது. ஏன் இழுக்கிறாய் என்று வகுப்பில் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. பதில் எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்."

இரண்டாவது குறிப்புதான் மீள்பார்வை. நடந்ததைச் சொல்லி, அதில் என் பங்கைப் பார்த்து, நான் எதைச் சரியென்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டேன் என்பதையும் தொடுகிறது. ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் எழுதிய குறிப்புகளை ஆராய்ந்து ஹாட்டனும் ஸ்மித்தும் 1995-ல் இதைப் படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். வெறும் விவரிப்பு கீழ்ப்படி. காரணம் சொல்லும் விவரிப்பு அடுத்தது. அதற்கும் மேலே தனக்குத் தானே கேள்வி கேட்டு வாதாடும் எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே, நடந்ததைச் சுற்றியிருக்கும் அதிகாரத்தையும் சூழலையும் சேர்த்துப் பார்க்கும் எழுத்து. "லீடர் திட்டுவாரு" என்ற வார்த்தை காதில் விழுந்ததால்தான் நான் கீழ்ப்படியிலிருந்து ஏறினேன்.

இதனால் பலன் உண்டா என்று கேட்டால், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த ஊழியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். 2014-ல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஆய்வறிக்கையாக வந்தது. நாளின் கடைசி 15 நிமிஷம் கற்றதை எழுதிப் பார்த்த குழு, அந்த நேரத்திலும் வேலையையே செய்துகொண்டிருந்த குழுவைவிட இறுதித் தேர்வில் 22.8 சதவீதம் நன்றாகச் செய்தது என்கிறது அது. ஆய்வாளர்களில் ஒருவருடைய வேறு சில ஆய்வுகளின் தரவுகள் மீது பின்னாளில் பெரிய கேள்விகள் எழுந்தன. அதனால் இந்த எண்ணின் மேல் நான் முழு பாரத்தையும் வைக்கமாட்டேன். நாளுக்கு 15 நிமிஷம் என்ற அளவு மட்டும் என் அனுபவத்துக்கும் ஒத்துவருகிறது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

1. உண்மையை எழுத முடியுமா? அதாவது, இதை யார் படிப்பார்கள்?
2. 'என்ன நடந்தது' என்பதைத் தாண்டி உள்ளே இழுக்குமா?
3. வேலை நெருக்கும் வாரத்திலும் தொடர முடியுமா?
4. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் படிக்க வசதியா?
5. வேலை மாறும்போதோ பதவி உயர்வின்போதோ எடுத்துக் காட்ட ஏதாவது மிஞ்சுமா?

ஐந்தும் சம எடை கிடையாது. முதல் கேள்விதான் மற்ற நான்கையும் தீர்மானிக்கிறது. படிக்கப்போகிறவர் யார் என்று மனசுக்குத் தெரிந்ததுமே, பேனா எதை எழுதலாம், எதை விழுங்கலாம் என்று முடிவு செய்துவிடுகிறது. பலர் ஐந்தாவதில் தொடங்குகிறார்கள். புரொஃபைலுக்கு உதவுமா என்று கேட்டுத் தொடங்கியவர்கள் மூன்றாவது மாதத்தில் விட்டுவிடுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

| | தனி நோட்டு | படிவம் | கூட்டாளியோடு | பொதுவெளி |
|---|---|---|---|---|
| யார் படிப்பார் | நீங்கள் மட்டும் | நீங்கள். பல இடங்களில் மேலாளரும் | நம்பிக்கையான ஒருவர் | எல்லாரும், உங்கள் நிறுவனமும் |
| உண்மை | அதிகம் | படிவம் யார் கையில் என்பதைப் பொறுத்தது | அதிகம், பழகிய பிறகு | குறைவு |
| ஆழம் | ஆளைப் பொறுத்தது | தொடக்கத்தில் நல்லது, பிறகு தேயும் | மிக அதிகம் | நடுத்தரம் |
| நேரம் | நாளுக்கு 15 நிமிஷம் | ஒரு வகுப்புக்கு 30 நிமிஷம் | மாதம் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் | ஒரு பதிவுக்கு 2 முதல் 3 மணி நேரம் |
| மறைந்திருக்கும் செலவு | தன்னையே நோகடித்துக்கொள்வது | சடங்காகிவிடுவது. மதிப்பீட்டில் திரும்பி வருவது | உறவு கெடும் வாய்ப்பு | ரகசியக்காப்பு. பாராட்டுக்காக எழுதுவது |
| காட்ட மிஞ்சுவது | நேரடியாக எதுவும் இல்லை | சான்றிதழ், தணிக்கைக்கு ஆதாரம் | இல்லை | நிறைய |

நேரக்கணக்கு என் சொந்த அனுபவத்தில் வந்தது. உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

## தனி நோட்டு

192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று போதும். கம்பெனி பஸ் கிளம்ப 20 நிமிஷம் இருக்கும்போது கேன்டீன் மூலையில் உட்கார்ந்து எழுதுவேன். கம்பெனி லேப்டாப்பில் எழுதாதீர்கள். அது கம்பெனியின் சொத்து. அதில் இருப்பதைப் பார்க்க அவர்களுக்கு வழி உண்டு என்ற நினைப்பே கையைக் கட்டிவிடும். ஆட்களின் பெயரை முழுதாக எழுதவேண்டாம். 'லைன் 3, உயரமான பையன்' என்றால் உங்களுக்குப் புரிந்துவிடும். நோட்டு எங்கேயாவது தொலைந்துபோனாலும் யாருக்கும் சங்கடம் வராது.

எழுதுவது பாதி வேலை. மாதக் கடைசியில் வேறு நிறப் பேனாவோடு உட்கார்ந்து திரும்பப் படிப்பது மீதிப் பாதி. எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த மிகப்பெரிய திருப்பம் அப்படி ஒரு மாதக் கடைசியில்தான் வந்தது. ஜூனில் டார்க் ரெஞ்ச் வகுப்பு, ஆகஸ்டில் 5எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) வகுப்பு, அக்டோபரில் வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) வகுப்பு. மூன்றிலும் ஒரே வரி இருந்தது: "எல்லாரும் தலையாட்டினார்கள்." மூன்றிலும் ஓரிரு வாரம் கழித்து "லைனில் பழையபடியே" என்று எழுதியிருந்தேன். பச்சைப் பேனாவால் மூன்றையும் வட்டமிட்டு, மூன்றுக்கும் பொதுவாக என்ன என்று பார்த்தேன். ஒரு வகுப்பிலும் லைன் லீடர்கள் இல்லை. ஆட்கள் வகுப்பில் ஒன்றைக் கற்றுக்கொண்டு போகிறார்கள்; லைனில் லீடர் வேறொன்றைக் கேட்கிறார். யார் பேச்சு செல்லும்?

அதை ஒரு பக்கத்தில் எழுதி, ஆட்களுக்கு முன்னால் லீடர்களுக்கு அரை நாள் வகுப்பு வேண்டும் என்று கேட்டேன். கிடைத்தது. அதுவரை 'ட்ரெய்னிங் கொடுப்பவர்' என்றிருந்த என்னை, அதற்குப் பிறகு 'இங்கே என்ன பிரச்சினை என்று பாருங்கள்' என்று லைனுக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். கிர்க்பேட்ரிக் 1959-ல் பயிற்சியை மதிப்பிட நான்கு படி சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. எங்கள் ஃபீட்பேக் ஃபார்ம் முதல் படியைத்தான் அளந்தது, டெஸ்ட் இரண்டாவதை. மூன்றாவது படியில் நடந்ததை எனக்குக் காட்டியது அந்த நோட்டு மட்டுமே.

இனி மறைந்திருக்கும் செலவு. 2002-ல் சிட்னியைச் சேர்ந்த அந்தோணி கிராண்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஒரு ஆய்வில், நாட்குறிப்பு எழுதுபவர்கள் எழுதாதவர்களைவிடத் தங்களைப் பற்றி அதிகம் யோசித்தார்கள், ஆனால் தங்களைப் பற்றிய தெளிவில் பின்தங்கியிருந்தார்கள். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் என் நோட்டில் ஒரு மாதம் முழுக்க "நான் ஏன் இப்படிச் சொதப்பினேன்" என்றே இருந்தது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எந்தப் பழுதுக்கும் ஐந்து தடவை 'ஏன்' கேட்கும் பழக்கம் உண்டு. மெஷினுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்குக் களைப்போடு ஒரு ஆள் தன்னைப் பார்த்தே ஐந்து தடவை 'ஏன்' கேட்டால், கடைசி ஏனில் "நான் இதற்கு லாயக்கில்லை" என்றுதான் வந்து நிற்பார். இப்போது நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: என்ன நடந்தது, என்ன கவனிக்காமல் விட்டேன், அடுத்த வகுப்பில் முதல் 10 நிமிஷத்தில் என்ன மாற்றுவேன். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதாமல் நோட்டை மூடுவதில்லை.

நோட்டு யாருக்கு? வேலையில் தடுமாறிக்கொண்டிருப்பவருக்கு, மேலாளரோடு சுமுகமில்லாதவருக்கு, எழுத்தே பழகாதவருக்கு. ஏற்கெனவே தன்னை அதிகமாகத் திட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளவர் நோட்டை மட்டும் நம்ப வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

## படிவம்

படிவம் என்றால் கேள்விகள் முன்கூட்டியே அச்சிட்ட தாள். பிரபலமானது கிரஹாம் கிப்ஸ் 1988-ல் தந்த ஆறு படிச் சுழல்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், எது நன்றாக இருந்தது எது இல்லை, அதற்கு என்ன அர்த்தம், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வீர்கள். ஆறு அதிகம் என்பவர்களுக்கு 1970-ல் டெரி போர்ட்டன் சொன்ன மூன்று கேள்விகள் இருக்கின்றன: என்ன? அதனால் என்ன? இனி என்ன? இந்த மூன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள், நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கும்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற சுழல் நம் பக்கம் ஊறிப்போனது. அந்தச் சுழலைப் பரப்பிய டெமிங்கின் பெயரில் தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கப்படும் பரிசை இந்தியாவிலேயே முதன்முதலில் 1998-ல் வாங்கியது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. ஆனால் அந்தச் சுழலில் இல்லாத ஒன்று கிப்ஸிடம் இருக்கிறது: என்ன உணர்ந்தீர்கள் என்ற இரண்டாவது கட்டம். நம் ஆட்கள் அதைத்தான் 'நார்மல்' என்று எழுதித் தாண்டிவிடுவார்கள். என் அனுபவத்தில் அந்தக் கட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு இளம் பயிற்றுநர் அங்கே "வயதில் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களைக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருந்தது" என்று எழுதினார். அவருடைய வகுப்பில் ஏன் பின்வரிசைப் பையன்களை மட்டுமே கேள்வி கேட்கிறார் என்பது அந்த ஒரு வரியில் விளங்கியது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, சடங்காகிவிடுவது. ஐ.டி.ஐ.-யில் படித்தவர்களுக்கு டெய்லி டைரி ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை உட்கார்ந்து திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே மூச்சில் நிரப்புவோம், பக்கத்து மேசைக்காரனைப் பார்த்து. படிவம் கட்டாயமாகும் இடத்தில் எல்லாம் இது நடக்கும். நான் பார்த்தவரை முதல் பத்து தாள் நன்றாக வரும். பதினைந்தாவதில் வாக்கியங்கள் தேய்ந்துவிடும்.

இரண்டாவது செலவு எனக்குச் சுட்டது. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், ஒவ்வொரு வகுப்புக்கும் மீள்பார்வைப் படிவம் நிரப்பி மேலாளருக்கு அனுப்பவேண்டும். நேர்மையாக இருக்கவேண்டும் என்று நினைத்து, "இந்த வகுப்புக்கு நான் சரியாகத் தயாராகவில்லை, முந்தைய நாள் இரண்டு ஷிஃப்ட்" என்று ஒரு தடவை எழுதினேன். ஆறு மாதம் கழித்து வருடாந்திர மதிப்பீட்டில் அந்த வரியின் முதல் பாதி மட்டும் படித்துக் காட்டப்பட்டது. அதற்குப் பிறகு அங்கே நான் எழுதிய ஒரு படிவத்திலும் உண்மை இல்லை. எல்லாம் "மேலும் சிறப்பாகச் செய்ய முயல்வேன்" வகை.

நான் மட்டும் பயப்படவில்லை. பிரிட்டனில் 2018-ல் ஒரு இளம் மருத்துவரின் பதிவு நீக்கப்பட்ட வழக்கின்போது, அவர் பயிற்சிக்காக எழுதிய மீள்பார்வைக் குறிப்புகளே அவருக்கு எதிராகப் போய்விட்டன என்ற பேச்சு பரவி, மருத்துவர்கள் இனி உண்மையாக எழுதவேமாட்டோம் என்றார்கள். அந்த ஆண்டே மேல்முறையீட்டில் அவர் ஜெயித்தார். புகார்களை விசாரிக்கும்போது இத்தகைய குறிப்புகளைக் கேட்கமாட்டோம் என்று அங்குள்ள மருத்துவக் கவுன்சிலே சொல்லவேண்டி வந்தது. உங்கள் நிறுவனம் அப்படி எழுதித் தந்திருக்கிறதா? தரவில்லை என்றால் படிவத்தில் கற்றதை மட்டும் எழுதுங்கள். காயத்தை நோட்டில் எழுதுங்கள்.

படிவம் கட்டாயம் தேவைப்படும் இடங்களும் உண்டு. பிரிட்டனில் நர்ஸாக வேலை செய்பவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஐந்து மீள்பார்வைக் குறிப்புகள் எழுதித் தரவேண்டும். நம் ஊரிலிருந்து போனவர்களும் எழுதுகிறார்கள். பயிற்சித் துறையில் தொழில்முறைச் சான்றிதழுக்குப் போகிறவர்களிடமும் இப்படிக் கேட்கப்படலாம். புதிதாக வந்தவர் முதல் பத்து வகுப்புக்கு மட்டும் கிப்ஸ் தாளைப் பயன்படுத்திவிட்டு, கேள்விகள் மனப்பாடமானதும் விட்டுவிடலாம். ஒரு சைக்கிளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிற கை மாதிரி அது.

## கூட்டாளியோடு எழுதுவது

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இது. அமைவதுதான் கஷ்டம்.

ஓசூரில் வேறொரு தொழிற்சாலையில் பயிற்சி கொடுக்கும் ஒருவரோடு நான்கு வருஷமாக எழுதுகிறேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் பொதுவாக ஒரு கூகுள் டாக் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுவோம். மற்றவர் ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதலாம். யோசனை, ஆறுதல், "எனக்கும் இப்படித்தான்" எதுவும் கூடாது. சனிக்கிழமை போனில் பேசும்போதுதான் அதெல்லாம்.

ஒருமுறை வடமாநிலத் தொழிலாளர்களுக்கு எடுத்த வகுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். என் ஹிந்தி அரைகுறை. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தான். "நடுநடுவே புரிகிறதா என்று கேட்டுக்கொண்டே போனேன், எல்லாரும் புரிகிறது என்றார்கள்" என்று முடித்திருந்தேன். அக்கா ஓரத்தில் எழுதியது: "புரியுதான்னு எத்தனை தடவை கேட்ட தம்பி? ஒரு தடவையாவது யாராவது இல்லன்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யாராவது 'இல்லை' என்றிருந்தால் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் வகுப்பில் 'புரிகிறதா' என்று கேட்பதையே விட்டுவிட்டு, "இப்போது நீங்கள் செய்து காட்டுங்கள்" என்று கருவியைக் கையில் கொடுக்கத் தொடங்கினேன். தனி நோட்டில் இன்னும் பத்து வருஷம் எழுதியிருந்தாலும் அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டிருக்கமாட்டேன். எழுதியவன் கண்ணுக்கு அந்த வரியில் குறையே தெரியவில்லை.

செலவைப் பார்ப்போம். முதல் இரண்டு மூன்று மாதம் இருவருமே அழகாகத்தான் எழுதுவோம்; உண்மை அதற்கப்புறம்தான் வரும். ஒருவர் தொடர்ந்து எழுத, மற்றவர் "இந்த வாரம் ஆடிட்" என்று தள்ளிப்போட்டால் மனத்தாங்கல் வரும். மேலாளரைப் பற்றிப் புலம்பும் இடமாக மாறிவிடுவது இன்னொரு ஆபத்து. நாங்களே ஒரு வருஷம் அதில் மாட்டிக்கொண்டோம். முக்கியமாக, உங்களுக்கு மேலே இருப்பவரையோ, கீழே இருப்பவரையோ, அதே பதவி உயர்வுக்குக் காத்திருப்பவரையோ கூட்டாளியாக்காதீர்கள். வேறு நிறுவனத்துக்காரர் நல்லது, ஆனால் வாடிக்கையாளர் பெயர், பாகத்தின் அளவு, பழுது எண்ணிக்கை எதுவும் அந்த டாக்கில் வரக்கூடாது. எங்களுக்குள் 'ஒரு பாகம்', 'ஒரு லைன்' என்றுதான் எழுத்து.

தனியொரு ஆளாகப் பயிற்சிப் பிரிவை நடத்துபவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சின்ன யூனிட்களில் பெரும்பாலும் அப்படித்தான் ஒருவரே எல்லாம். வகுப்பைப் பற்றிப் பேசப் பக்கத்தில் ஆளே இருக்காது.

## பொதுவெளி

லிங்க்ட்இன்னில் எழுதுவது. வேலை வாய்ப்பு என்ற ஒரே கேள்வியில் இதுதான் முதலிடம், சந்தேகமில்லை. நான் எழுதிய ஏழெட்டுப் பதிவுகளில் ஒன்றைப் படித்துவிட்டு, ஒரு நேர்காணலில் பாதி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள். தனியாகப் பயிற்சி ஆலோசகராகப் போக நினைப்பவருக்கு அவருடைய எழுத்துதான் விசிட்டிங் கார்டு. தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுத முயலும்போது சிந்தனையும் ஒழுங்குபடுகிறது.

ஆனால் இங்கே எழுதப்படுவதை நான் மீள்பார்வை என்று சொல்லமாட்டேன். மீள்பார்வையிலிருந்து எடுத்துச் செதுக்கிய பொருள் அது. டார்க் ரெஞ்ச் கதையை நானும் ஒருமுறை பதிவாக எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தபோது, வகுப்பில் கேட்காமல் விட்டது நான் என்ற இடம் காணாமல் போயிருந்தது. அந்தப் பையனின் பதிலை வரவழைத்த புத்திசாலி மட்டும் மிச்சமிருந்தான். பொய் ஒன்றும் எழுதவில்லை. ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில் கை தானாக அப்படி எழுதியது. அந்தப் பதிவை அழித்துவிட்டேன்.

இன்னொன்று, உங்கள் கதையில் வரும் ஆட்கள். "லீடர் திட்டுவாரு" என்று சொன்ன பையனை அதே லீடர் அடையாளம் கண்டுகொண்டால் யாருக்குச் சேதம்? வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ரகசியக்காப்பு ஒப்பந்தத்தையும் எடுத்துப் படித்துவிடுங்கள். பின்னணியில் லைன் தெரிகிற ஒரு போட்டோகூடப் பிரச்சினையாகும். நடந்து ஆறு மாதமாவது ஆன பிறகு, ஆளும் இடமும் தெரியாதபடி எழுதுவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

## எந்த மொழியில்?

இதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லவேண்டும். பயிற்சித் துறையின் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால், மீள்பார்வையும் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான். அந்த நோட்டுகளை இப்போது புரட்டினால் மேம்பாடு, ஈடுபாடு, பங்கேற்பு என்று மதிப்பீட்டுத் தாளின் வார்த்தைகளே ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழுக்கு மாறிய வாரம் எழுதியது: "பெரியவர் ஒருத்தர் நடுவில் எழுந்து போனார். எனக்கு முகம் செத்துவிட்டது." முகம் செத்துவிட்டது என்று எழுதியதும்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே தெரிந்தது. மறுநாள் அவரிடம் போய்ப் பேசினேன். சர்க்கரை மாத்திரை போடப் போயிருக்கிறார்.

நோட்டுக்கும் கூட்டாளிக்கும் வீட்டில் பேசும் மொழி. படிவத்துக்கு நிறுவனம் கேட்கும் மொழி. பொதுவெளிக்கு நீங்கள் போக நினைக்கும் வேலையின் மொழி.

வாய்ஸ் நோட் போதாதா என்றும் கேட்கிறார்கள். எழுதக் கை வராதவருக்கு அது ஒன்றுமில்லாததற்கு மேல். ஆனால் ஆறு மாதத்துக் குரல் பதிவுகளை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. நான்காவது கேள்வியில் அது விழுந்துவிடுகிறது. பஸ்ஸில் பேசிவைத்துவிட்டு, வீட்டில் மூன்று வரியாக எழுதிக்கொள்ளலாம்.

## மூவருக்கும் என் பதில்

திருப்பூர்க்காரர் தன் யூனிட்டில் பயிற்சிக்கு ஒரே ஆள். கூட்டாளியைத் தேடுங்கள் என்றேன். பக்கத்து யூனிட் வேண்டாம், போட்டிக் கம்பெனியாக இருக்கும். கரூரிலோ கோயம்புத்தூரிலோ வேறு தொழிலில் பயிற்சி கொடுப்பவர் கிடைத்தால் நல்லது. கிடைக்கும்வரை நோட்டு.

ஐ.டி. நண்பர் இன்னும் இரண்டு வருஷத்தில் பெரிய நிறுவனமொன்றில் பயிற்சித் திட்டங்களை வடிவமைக்கும் வேலைக்குப் போகவேண்டும் என்கிறார். அவருக்குப் பொதுவெளி தேவைதான். வாரம் ஐந்து நாள் நோட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு பதிவு, அதுவும் நோட்டில் திரும்பத் திரும்ப வந்த விஷயத்திலிருந்து. நோட்டில்லாமல் நேரே பதிவுக்குப் போனால் நாலாவது பதிவில் சொல்ல ஒன்றும் இருக்காது, மற்றவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லவேண்டி வரும்.

லைனிலிருந்து வந்தவர்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தார். "எனக்கு எழுத வராது சார், எட்டு வருஷமா செக் ஷீட்டுல டிக் தான் போட்டேன்" என்றார். அவருக்குப் போர்ட்டனின் மூன்று கேள்விகளைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன், நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள. நேற்று போனில் தன் முதல் குறிப்பைப் படித்துக் காட்டினார்: "வெல்டிங் பாதுகாப்பு வகுப்பு. நான் லைனில் இருந்தபோது கண்ணாடி போடமாட்டேன். இன்று போடச் சொன்னேன். பின்னால் இருந்த ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குத் தெரியும்."

அதனால் என்ன, இனி என்ன என்ற இரண்டு கேள்விக்கும் அவர் இன்னும் எழுதவில்லை. திங்கட்கிழமை அதே ஆட்களுக்கு மறுபடி வகுப்பு இருக்கிறதாம்.